துட்டுப் பேச்சு எப்போது வரும்?

2022 ஜூன் மாதம், ராத்திரி இரண்டு மணி. அப்பாவை ஸ்ட்ரெச்சரில் படுக்க வைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போகிறார்கள். சேரன்மகாதேவியிலிருந்து பாளையங்கோட்டை வரும் வரை காரில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் வந்தவர், கதவு மூடப்போகும் நேரத்தில் என் கையைப் பிடித்து, "ஏளா, எவ்வளவு ஆவும்னு கேட்டியா?" என்றார்.

நாற்பது வருடம் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். உயிர் போகிற வலியிலும் அவருக்குக் கணக்குதான் முதலில் வந்தது.

ஐந்து நிமிடத்தில் கவுண்ட்டரிலிருந்து என்னைக் கூப்பிட்டார்கள். இன்சூரன்ஸ் உண்டா, எந்தக் கம்பெனி, அப்ரூவல் வரும் வரைக்கும் அட்வான்ஸ் ஐம்பதாயிரம் கட்டுங்கள் என்றார்கள். கட்டினேன். அப்பா பிழைத்தார். இரத்தக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். வைத்தியத்தில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். அதற்கப்புறம் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன்.

கல்யாணமான பிறகு நான்கு வருடம் இங்கிலாந்தில் லெஸ்டரிலும், ஐந்து வருடம் அமெரிக்காவில் நியூ ஜெர்சியிலும் இருந்தோம். 2019-ல் ஊர் திரும்பினோம். மூன்று நாட்டிலும் ஆஸ்பத்திரி வாசல் ஏறியிருக்கிறேன். "எந்த ஊர்ல வைத்தியம் நல்லாருக்கும்?" என்று சொந்தக்காரர்கள் கேட்கும்போது, டாக்டரையும் மருந்தையும் வைத்து எனக்கு ஒரு பெரிய வித்தியாசமும் சொல்லத் தெரியாது. துட்டுப் பேச்சு எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் நாட்டுக்கு நாடு மாறுகிறது. நோய் வருவதற்கு முன்னாலா, வாசலிலா, வீட்டுக்கு வந்த பிறகா, அல்லது வரவே வராதா? இதைத் தெரிந்துகொண்டால் நாம் எங்கே ஏமாறுவோம் என்பது பாதி தெரிந்துவிடும்.

லெஸ்டரில் வரவே இல்லை. 2012-ல் என் மகன் அங்கேதான் பிறந்தான். கர்ப்பம் என்று தெரிந்ததும் பக்கத்து ஜி.பி. என்னும் குடும்ப டாக்டரிடம் பதிந்தேன். அதற்கப்புறம் மிட்வைஃப், ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, பிரசவம், பிறந்த பிறகு வீட்டுக்கே வந்து பிள்ளையின் எடை பார்த்துவிட்டுப் போன நர்ஸ் என்று எல்லாம் நடந்தது. யாரும் பில் என்று ஒரு காகிதம் நீட்டவில்லை. எங்கள் கையை விட்டுப் போன காசு கார் பார்க்கிங்குக்கு மட்டும்தான். பிரசவ வார்டை விட்டு வெளியே வரும்போது, வழியில் எங்காவது பணம் கட்டும் கவுண்ட்டர் இருக்கும் என்று நான் தேடிக்கொண்டே வந்தது இன்னும் நினைவிருக்கிறது. அப்படி ஒரு கவுண்ட்டரே அங்கே இல்லை.

என்.எச்.எஸ். என்ற தேசிய சுகாதார சேவை, 1948 ஜூலை 5-ம் தேதி தொடங்கிய ஏற்பாடு அது. கொண்டுவந்த அமைச்சர் அனைரின் பெவன், வேல்ஸில் ட்ரெடகர் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர். அந்த ஊர்த் தொழிலாளிகள் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுத் தங்களுக்கென்று ஒரு மருத்துவ உதவிச் சங்கம் நடத்தினார்கள். அந்த மாதிரியைத்தான் பெவன் நாடு முழுவதற்கும் விரித்தார். இதைப் படித்தபோது எனக்கு எங்கள் பக்கத்துப் பீடி ஊரான முக்கூடல்தான் ஞாபகம் வந்தது. என் சித்தி பீடி சுற்றுகிறவள். பீடிக்குப் போட்ட செஸ் வரியில் 1976-ல் சட்டம் போட்டு நல நிதி உண்டாக்கி, அதிலிருந்து மருந்தகங்களும் முக்கூடலில் ஆஸ்பத்திரியும் நடந்தன. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது அந்த செஸ் எடுக்கப்பட்டது. எல்லாரும் கொஞ்சம் போட்டு, முடியாதவருக்குச் செலவழிப்பது நமக்குப் புது விஷயம் இல்லை.

அங்கே துட்டுக்குப் பதில் காத்திருப்பு வரும். என் வீட்டுக்காரருக்குக் குடலிறக்கம். அவசரம் இல்லை என்று பார்த்துச் சொல்லி, ஏறக்குறைய நான்கு மாதம் கழித்துத்தான் ஆபரேஷனுக்குத் தேதி வந்தது. திட்டமிட்ட சிகிச்சைக்கு 18 வாரம் என்பது அங்கே வைத்திருக்கும் இலக்கு. எங்கள் காலத்துக்குப் பின்னால் அது கைக்கு எட்டாமல் போய், 2023-ல் இங்கிலாந்தின் காத்திருப்புப் பட்டியல் எழுபத்தேழு லட்சத்தைத் தாண்டியது. மூட்டு வலியோடு வருடக்கணக்கில் உட்கார்ந்திருப்பவருக்கு 'இலவசம்' என்ற சொல் எப்படிக் கேட்கும் என்றும் யோசிக்க வேண்டும்.

இப்போது பிள்ளைகளை அங்கே அனுப்புகிறவர்களுக்கு ஒரு செய்தி. 2015 முதல் விசாவோடு சேர்த்து சுகாதாரக் கட்டணம் வாங்குகிறார்கள். இப்போது பெரியவர்களுக்கு வருடத்துக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776 பவுண்டு. எத்தனை வருட விசாவோ அத்தனைக்கும் மொத்தமாக முன்னாலேயே கட்ட வேண்டும். கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் வங்கிக் கடன் கணக்குப் போட்டுவிட்டு இதில் மாட்டிக்கொண்ட இரண்டு குடும்பங்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் எல்லாம் தலைகீழ். 2017-ல் மகனுக்கு ஐந்து வயது. வயிற்று வலி என்று எமர்ஜென்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அப்பென்டிக்ஸ். வாசலில் யாரும் பணம் கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. பணம் இருக்கிறதா என்று பார்க்காமல் அவசர நோயாளியைப் பார்த்தாக வேண்டும் என்று 1986-லிருந்தே அங்கே சட்டம் இருக்கிறது. அன்று ராத்திரியே ஆபரேஷன் முடிந்து, மறுநாள் பிள்ளைக்கு ஐஸ்கிரீம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். கம்பெனி இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று நாங்கள் நிம்மதியாக இருந்தோம்.

அப்புறம் தபால் வர ஆரம்பித்தது. முதலில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒரு நீளமான தாள் வந்தது. மேலேயே 'இது பில் அல்ல' என்று போட்டிருந்தது. அடுத்து ஆஸ்பத்திரி பில், சர்ஜனுக்குத் தனி பில், ஸ்கேன் படித்தவருக்குத் தனி பில் என்று ஒவ்வொன்றாக வந்தன. கடைசியாக மயக்க மருந்து கொடுத்தவருடைய பில் மூன்று மாதம் கழித்து வந்தது. ஆஸ்பத்திரி எங்கள் இன்சூரன்ஸ் கம்பெனியின் ஒப்பந்தப் பட்டியலில் இருந்தது. ஆனால் அன்று டியூட்டியில் இருந்த மயக்க மருந்து டாக்டர் அந்தப் பட்டியலில் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளை வலியில் துடிக்கும்போது 'ஐயா, நீங்கள் எங்கள் பட்டியலில் உண்டா?' என்று கேட்டுக்கொண்டா இருப்பார்கள்? எங்கள் பாலிசியில் முதல் 3,000 டாலர் வரை நாங்களே போட வேண்டும், அதற்கு மேல் நூற்றுக்கு இருபது எங்கள் பங்கு. எல்லாம் சேர்த்து 4,100 டாலர் கட்டினோம். ஆறு மாதத் தவணை.

அந்த மயக்க மருந்து பில் முதலில் இதைவிட நிறைய இருந்தது. எங்கள் அடுக்குமாடியில் இருந்த ஒரு தெலுங்கு அக்காதான், "உடனே கட்டாதே, ஒவ்வொரு வரியாகக் கணக்குக் கேளு, அப்பீல் போடு" என்றார். இரண்டு கடிதம், நான்கு போன். பாதிக்கு மேல் குறைந்தது. கேட்டால் குறைகிற பில், கேட்காதவனுக்குக் குறையவில்லை என்பதுதான் எனக்குக் கோபம். ஆங்கிலம் தெரியாத, வேலை நேரத்தில் போன் பேச முடியாத ஒரு தொழிலாளி முழுத் தொகையையும் கட்டியிருப்பான். இப்படித் திடீரென்று வரும் பில்லைத் தடுக்க 2022 ஜனவரியிலிருந்து அங்கே சட்டம் வந்திருக்கிறது. நல்லது. ஆனால் வேலை போனால் இன்சூரன்ஸும் போகும் என்ற பயம் அப்படியேதான் இருக்கிறது. அந்த ஊரில் ஐந்து வருடமும் என் வீட்டுக்காரருக்கு வேலையை விட அதனோடு வந்த இன்சூரன்ஸ்தான் காலில் சங்கிலியாக இருந்தது.

மகள் பிரசவத்துக்கு அமெரிக்கா போகிற அம்மாக்கள் நம் பக்கம் வீட்டுக்கு வீடு உண்டு. பாலிசி இல்லாமல் விமானம் ஏற வேண்டாம். மலிவாக இருக்கும் பாலிசி ஒவ்வொரு செலவுக்கும் ஒரு சின்ன வரம்பு வைத்துக் கொடுக்கும், மீதி பிள்ளைகள் தலையில் விழும். பழைய சுகருக்கும் பிரஷருக்கும் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரை உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள். இங்கிலாந்து போகிறவர்களும் அங்கே எல்லாம் இலவசம் என்று நம்பிப் போக வேண்டாம். விருந்தாளியாகப் போனவரை வார்டில் சேர்த்தால், இங்கிலாந்து ஆஸ்பத்திரிகள் வழக்கமான கட்டணத்தில் 150 சதவீதம் வாங்கும்.

என் வீட்டுக்காரரின் சித்தப்பா மகள் ஒருத்தி ஜெர்மனியில் இருக்கிறாள். அங்கே துட்டுப் பேச்சு மாதாமாதம் சம்பளச் சீட்டில் முடிந்துவிடுகிறது. 1883-ல் பிஸ்மார்க் காலத்தில் தொடங்கியது. சம்பளத்தில் 14.6 சதவீதமும் மேலே கொஞ்சமும், பாதி முதலாளி பாதி தொழிலாளி. சம்பாதிக்காத கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் தனியாகக் கட்ட வேண்டாம். ஆஸ்பத்திரியில் படுத்தால் நாளுக்கு 10 யூரோ, அதுவும் வருடத்துக்கு 28 நாள் வரைதான். "பிடிக்கிறது நிறையத்தான் இருக்கு மைனி, ஆனா படுத்தா பயம் இல்ல" என்றாள். அவள் சொன்னதில் எனக்குப் பிடித்தது அந்த இரண்டாவது பாதி.

சரி, அப்பா கதைக்கு வருகிறேன்.

அப்பாவுக்கு 2019-ல் ஐந்து லட்சத்துக்குப் பாலிசி எடுத்தோம். நான் அப்போதுதான் ஊர் வந்து வீடு பார்த்துக்கொண்டிருந்த நேரம். ஏஜென்ட் கடைக்கே வந்து படிவம் நிரப்பினார். சுகர் உண்டா என்ற கேள்வி வந்ததும், "அதெல்லாம் எழுதுனா பிரீமியம் கூடிரும், விடுங்க அண்ணாச்சி" என்று 'இல்லை' என்று போட்டிருக்கிறார். அப்பா 2011-லிருந்து சுகர் மாத்திரை சாப்பிடுகிறவர். படித்துப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். மூன்று வருடம் தவறாமல் பணம் கட்டினார்.

மாரடைப்பு வந்த அன்று ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, 'பதினொரு வருடமாக சுகர்' என்று நானேதான் உண்மையைச் சொன்னேன். அது கேஸ் ஷீட்டில் ஏறியது. கம்பெனிக்குப் போனது. முதலில் பழைய சீட்டுகளைக் கேட்டார்கள். அடுத்து கேஷ்லெஸ் இல்லை, அதாவது ஆஸ்பத்திரிக்கு நேராகப் பணம் கட்ட மாட்டோம் என்றார்கள். மொத்த பில் 2,74,000 ரூபாய். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து, தம்பி பெங்களூரிலிருந்து அனுப்பியதையும் போட்டு டிஸ்சார்ஜ் வாங்கினோம். அந்த பில்லில் ஸ்டென்ட் ஒரு சின்ன வரி. அதன் விலைக்கு 2017-லேயே மத்திய அரசு உச்சவரம்பு வைத்துவிட்டது. ஐ.சி.யூ., ரூம், டாக்டர் வருகை, கையுறை, சிரிஞ்ச் என்று மற்ற வரிகள்தான் ஏறியிருந்தன. பின்னால் பணம் திரும்பக் கேட்டு அனுப்பினோம். உண்மையை மறைத்ததாகச் சொல்லி மறுத்து, பாலிசியையும் ரத்து செய்தார்கள்.

எனக்கு இரண்டு மாதம் தூக்கம் இல்லை. பிறகு ஒரு நாள் அந்தப் படிவத்தின் நகலை வரவழைத்துப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தில் அப்பாவின் கையெழுத்து. கடைக் கணக்கில் ஒரு ரூபாய் தவறினாலும் திரும்ப எண்ணுகிற மனிதர், தன் உயிர்க் கணக்கை வேறொருவர் கையில் எழுதவிட்டிருக்கிறார். அவரைச் சொல்லி என்ன? நானும்தான் பக்கத்தில் இருந்தேன், ஒரு நிமிடம் ஒதுக்கிப் படிக்கவில்லை.

ஆகவே இதை யார் கேட்டாலும் சொல்கிறேன். படிவத்தை நீங்களே நிரப்புங்கள். சுகர், பிரஷர், தைராய்டு, பத்து வருடத்துக்கு முன்னால் செய்த ஆபரேஷன் என எதையும் விடாதீர்கள். பிரீமியம் கூடினால் கூடட்டும். எழுதிக் கொடுத்த பழைய நோய்க்குப் பணம் தராமல் கம்பெனி வைக்கும் காத்திருப்பு, 2024 ஏப்ரலிலிருந்து மூன்று வருடத்துக்கு மேல் இருக்கக் கூடாது. விடாமல் 60 மாதம் கட்டிவிட்டால், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, மறைத்தாய் என்று சொல்லி க்ளைமை மறுக்க முடியாது. எங்களுக்கு அது மூன்றாவது வருடம், அதுவும் அப்போது அந்தக் கெடு எட்டு வருடமாக இருந்தது. பாலிசி கைக்கு வந்ததும் நிரப்பிய படிவத்தின் நகல் அதோடு இருக்கிறதா என்று பாருங்கள். 30 நாளுக்குள் பிடிக்கவில்லை என்றால் திருப்பிக் கொடுக்கலாம்.

ரூம் விஷயத்தில் அம்மாதான் எங்களுக்குப் பாடம். 2023-ல் பித்தப்பைக் கல் ஆபரேஷன். அம்மாவுக்குத் தனியாக மூன்று லட்சத்துக்குப் பாலிசி, அதில் ரூம் வாடகை நாளுக்கு ஒரு சதவீதம், அதாவது 3,000 ரூபாய். ஏ.சி. ரூம் 6,000 என்றார்கள். மூவாயிரம்தானே கூட, நாமே போட்டுக்கொள்வோம் என்று எடுத்தோம். கணக்கு அப்படி இல்லை. தகுதிக்கு மேல் ரூம் எடுத்தால், மருந்தையும் பரிசோதனையையும் தவிர்த்து, டாக்டர் கட்டணம், ஆபரேஷன் தியேட்டர் எல்லாவற்றையும் அதே விகிதத்தில் குறைப்பார்கள். 1,20,000 பில்லுக்கு 68,000-தான் வந்தது. இது பாலிசியில் எழுதியிருந்தது. ரூம் கேட்கும் முன் கையில் இருக்கும் வரம்பைக் கேளுங்கள், புதிதாக எடுப்பவர்கள் ரூம் வரம்பு இல்லாததாகப் பார்த்து எடுங்கள்.

உண்மை எல்லாம் எழுதியும் மறுத்தால் சும்மா விட வேண்டாம். மறுப்பை எழுத்தில் வாங்கி, முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் புகார்களை விசாரிக்கும், சென்னையில் இருக்கும் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, 50 லட்சம் வரை விசாரிப்பார்கள். கம்பெனி பதில் சொன்ன நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

இப்போது சித்தப்பா. அப்பாவின் தம்பி, வயல் வேலை. 2024 பிப்ரவரியில் வெள்ளனே வாய்க்கால் கரையில் நெஞ்சு வலித்து உட்கார்ந்துவிட்டார். சித்தி ஆட்டோவில் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கொண்டு போனாள். அங்கே இ.சி.ஜி. எடுத்து, ஒரே மூச்சில் 14 மாத்திரை கொடுத்தார்கள். ஆஸ்பிரின் இரண்டு, க்ளோபிடோக்ரல் நான்கு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. 'இதயம் காப்போம்' என்று 2023 ஜூனில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம். பிறகு 108-ல் ஐகிரவுண்டு, பாளையங்கோட்டை அரசு ஆஸ்பத்திரி. நான் போய்ச் சேரும்போது சித்தப்பாவை உள்ளே கொண்டு போய்விட்டார்கள். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே நோய், ஒரே ஸ்டென்ட். நான் பழக்கதோஷத்தில் பையில் ஐம்பதாயிரம் எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அதைக் கேட்க அங்கே ஆள் இல்லை.

சித்தியிடம் கேட்ட ஒரே காகிதம் அவள் முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டைதான். இதில் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. 2009-ல் தொடங்கிய இந்தத் திட்டமும் ஒரு இன்சூரன்ஸ்தான். பிரீமியத்தை அரசு கட்டுகிறது, அரசு ஆஸ்பத்திரியும் அந்தக் காப்பீட்டுக்கு பில் போடுகிறது. ஒரு பக்கம் இலவசம், மறுபக்கம் இன்சூரன்ஸ் என்று நாடுகளை இரண்டாகப் பிரித்துப் பேசுகிறவர்கள் இதை வந்து பார்க்க வேண்டும். சித்தப்பா கையில் இருந்தது இரண்டும் சேர்ந்தது. வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை, பட்டியலில் உள்ள தனியார் ஆஸ்பத்திரியிலும் பார்க்கலாம்.

அரசு ஆஸ்பத்திரி துட்டுக்குப் பதில் ஆள் கேட்கும். ஒருவர் எந்நேரமும் கூடவே இருக்க வேண்டும். சீட்டு வாங்க, ரிசல்ட் வாங்க, கஞ்சி கொண்டுவர என்று சித்தியும் மகனும் மாறி மாறி ஆறு நாள் நின்றார்கள். சித்திக்கு ஆறு நாள் பீடிக் கூலி போனது, மகனுக்கு ஒரு வாரச் சம்பளம் போனது. இதையும் செலவுக் கணக்கில் எழுதத்தான் வேண்டும். ஆனால் அது சங்கிலியை அடகு வைக்கிற செலவு இல்லை.

அட்டை இல்லாதவர்கள் நோய் வருவதற்கு முன்னாலேயே எடுத்து வையுங்கள். குடும்ப அட்டை, ஆதார், கிராம நிர்வாக அலுவலரிடம் வாங்கிய வருமானச் சான்று ஆகியவற்றோடு எங்கள் மாவட்டத்தில் கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் உள்ள மையத்துக்குப் போனால் பதிவு செய்வார்கள். படுத்த பிறகு சான்றுக்கு அலைவது பெரிய பாடு. வளைகுடாவில் இருக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை: அங்கே முதலாளி தரும் இன்சூரன்ஸ் விசாவோடு முடிந்துவிடும். ஐம்பது வயதில் சுகரோடு ஊர் வந்து இறங்கும்போது பாலிசி விலை எட்டாது. உடம்பு நன்றாக இருக்கும் முப்பது முப்பத்தைந்தில் இங்கே ஒன்று தொடங்கி விடாமல் கட்டிவாருங்கள். தனிநபர் பாலிசிக்கு இருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் எடுக்கப்பட்டுவிட்டது.

எந்தப் பாலிசியும் மாதாமாதம் வாங்கும் மாத்திரைக்கு வருவது அபூர்வம். உண்மையில் குடும்பத்தைக் கரைப்பது அதுதான். அப்பா இப்போது சுகர், பிரஷர் மாத்திரையை ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்குகிறார். முதலில் கௌரவம் பார்த்தார். "கடக்காரன் போய் வரிசைல நிக்கவா?" என்றார். சித்தப்பாதான் ஒரு நாள் கையைப் பிடித்து அழைத்துப் போனார். மருந்துகளை மொத்தமாக வாங்கித் தரம் பார்த்து அனுப்ப 1994-லேயே தமிழ்நாடு ஒரு கழகம் உண்டாக்கியது என்பதைப் படித்துக் காட்டியபோது, "மொத்த வியாபாரம்னா வெல கொறையத்தான் செய்யும்" என்று கடைக்காரராகவே ஒப்புக்கொண்டார்.

அப்பாவுக்கு 2023 ஆகஸ்டில் புதிதாக ஒரு பாலிசி எடுத்தோம். இந்த முறை மேஜையில் நான் உட்கார்ந்து எழுதினேன். சுகர், 2011 முதல். மாரடைப்பு, 2022 ஜூன், ஸ்டென்ட் ஒன்று. பிரீமியம் 41,000 ரூபாய், பில்லில் நூற்றுக்கு இருபது நம் பங்கு, பழைய நோய்க்கு மூன்று வருடக் காத்திருப்பு. அப்பா தொகையைக் கேட்டுவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு படிவத்தை வாங்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, முதல் வரியிலிருந்து விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தார். கையெழுத்துப் போட முக்கால் மணி நேரம் ஆனது.